கரண்டு வந்தால் தானே திறக்கும்

6 பிப்ரவரி 2012, திங்கள்

பாசஞ்சர் இன்றும் பேரணி ஸ்டேஷனில் நின்றுகொண்டது. ஏன் நிற்கிறது என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. மல்லாட்டைக் கடலை விற்கிறவன் மட்டும் சந்தோஷமாகப் பெட்டிக்குள் இரண்டு தரம் வந்து போனான். திண்டிவனத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக ஆபீஸுக்குப் போனால் அங்கே கரண்டு இல்லை. விழுப்புரத்தில் இருந்தால் திண்டிவனத்தில் இருக்காது, இங்கே வந்தால் அங்கே போய்விடும். என்னை மாதிரியே அதுவும் பாசஞ்சரில்தான் போய் வருகிறதோ என்னவோ.

கரண்டு வந்ததும் பக்கத்து மெஷினில் தட்டும் அம்சா அவசரத்தில் தமிழ் கீபோர்டைத் திறக்காமலே தட்டியிருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாக வந்து நிற்கிறது. பத்திரம் எழுதும் சுப்பராயலு ஐயா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது எந்த ஊரு பாஷை? இத்த எடுத்துக்கினு ரிஜிஸ்டர் ஆபீஸ் உள்ள போனா என்னை வெளிய தள்ளிடுவாங்க."

இந்த பேஜாரே வேண்டாம் என்றுதான் என் மெஷினில் கீபோர்டை ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எதைப் போட்டாலும் கம்ப்யூட்டர் உயிர் வந்ததும் அது தானே திறந்துகொள்ளும், யாரும் தொட வேண்டாம். அம்சாவுடையதிலும் இன்று போட்டுக் கொடுத்தேன்.

"தானேவா? வேணாங்க்கா. புயலா வந்துச்சே ஒரு தானே, அதுவே போதும். எங்க ஊட்டு ஓடெல்லாம் பறந்துச்சு."

வீட்டுக்கு வந்தால் ஹாட்பாக்ஸ் வைத்தது வைத்தபடி. ஏன் சாப்பிடவில்லை என்றால் "இல்ல." பக்கவாதத்துக்குப் பிறகு இவரிடம் மிச்சமிருப்பது "இல்ல", "போ", அப்புறம் இரண்டு கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தை மட்டும் அட்சரம் பிசகாமல் வருகிறது. கண்டாச்சிபுரம் ரூட்டில் பஸ் ஓட்டியவர் இல்லையா, அதிகம் பழகின வார்த்தைதானே கடைசியில் நிற்கும்.

7 பிப்ரவரி

கால் வலி. எழுத ஒன்றும் இல்லை.

9 பிப்ரவரி, வியாழன்

வளவனூரிலிருந்து வெனிலா போன் செய்தாள். இவருடைய தங்கை. நல்லவள்தான். கெட்டவர்கள் பேசினால் பதில் சொல்லிவிடலாம், நல்லவர்கள் பேசினால்தான் வாய் வருவதில்லை.

"அண்ணி, போன மாசம் பாத்ரூம்ல உழுந்துட்டு, நீங்க சாய்ந்தரம் வர்ற வரைக்கும் ஈரத்துலயே கெடந்தாரே, அத்த நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. ஒண்ணு நீங்க வேலைய உடுங்க. இல்லன்னா அண்ணனை எங்க ஊட்டுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன். ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவச் சொல்லுங்க."

வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அவரை அனுப்பிவிட்டால் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவது? அதை அவளிடம் சொல்ல முடியுமா? சரிம்மா யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆபீஸிலிருந்து போன் போட்டுக் கேட்கலாம் என்றால் இவர் எடுப்பதில்லை. எடுத்தால் பேச வேண்டுமே.

10 பிப்ரவரி

ஜெசி குவைத்திலிருந்து கூப்பிட்டாள். நைட் டியூட்டி முடித்த குரல். நர்ஸ் புத்தி, அழாமல் வழி சொல்கிறாள். "அம்மா, என்னோட பழைய கம்ப்யூட்டர் ஹால்லதான கெடக்குது? அதுல ஸ்கைப் போடு. நீ ஆபீஸ்லேந்து கூப்புட்டா அதுவா எடுத்துக்கற மாதிரி வைக்கலாம்மா. அப்பா ஒண்ணுமே பண்ண வேணாம்."

ஒண்ணுமே பண்ண வேணாம். எவ்வளவு நிம்மதியான வார்த்தை.

12 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பூவரசன் வந்தான். ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். வாய் ஓயாது, கையும் ஓயாது.

இவர் கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண், இடது கைக்கு மவுஸ் நல்லது என்று சொன்னதிலிருந்து சாலிடேர்தான் பொழுது. பாதி ஆட்டத்தில் இருந்ததைப் பூவரசன் பட்டென்று மூடினான். இவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"பாருங்கக்கா. கரண்டு போயி திரும்ப வந்தா மெஷின் தானே ஆன் ஆவும், அதுக்கு உள்ள செட்டிங் வச்சாச்சு. பாஸ்வேர்டு கேக்காது. ஸ்டார்ட்டப்ல ஸ்கைப்ப போட்டாச்சு. நீங்க கூப்புட்டா அதுவே எடுக்கும், கேமராவும் அதுவே ஆன் ஆவும். அண்ணன் சும்மா உக்காந்துக்கினு இருந்தாப் போதும்."

கேமராவைக் கட்டிலைப் பார்க்க வைத்தான். ஜெசி பாட்டுக் கேட்பதற்காக வாங்கிப்போட்ட பெரிய ஸ்பீக்கரில் டொய்ங் என்று சத்தம் வந்தது. பூவரசன் செய்ததையெல்லாம் இவர் கட்டிலில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் பொழுது போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

13 பிப்ரவரி, திங்கள்

தெரிந்தார்! திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் கட்டிலைப் பார்க்கிறேன். ஹாட்பாக்ஸ் தெரிகிறது, தண்ணீர்ச் சொம்பு தெரிகிறது, இவர் முழங்காலைச் சொறிவது தெரிகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு "ஏங்க, தெரியுதா நானு?" என்றேன். திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு ஃபேன் சத்தம்தான்.

பத்திரம் தட்டிக்கொண்டே அதை மாட்டிக்கொண்டிருக்க முடியாது, காது வலிக்கிறது. கழற்றி எனக்கும் அம்சாவுக்கும் நடுவில் மேசைமேல் வைத்துவிட்டேன். சத்தம் எதற்கு, படம் ஓரத்தில் சின்னதாக ஓடினால் போதும். கரண்டு போய் வந்தபோதும் தானே திறந்துகொண்டது. பூவரசன் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

வந்து வெனிலாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நிஜமாவா அண்ணி? தெனமும் பாக்கறீங்களா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

17 பிப்ரவரி, வெள்ளி

அம்சாவுக்கு வாய்தான் கொழுப்பு, மனசு தங்கம். நான் ஒரு வரி தட்டுவதும் ஓரத்துப் படத்தைப் பார்ப்பதுமாக இருந்ததைக் கவனித்திருக்கிறாள்.

"இன்னாக்கா, பாப்பா முழிச்சிக்கிச்சா? தூளி ஆட்டணுமா?"

சுப்பராயலு ஐயாகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

22 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் போனேன். அம்சா, "இன்னாக்கா விபூதி? எங்க பக்கம் வந்துட்டீங்களா? பாப்பாவுக்கும் பூசினீங்களா?" என்றாள். "பாப்பா இன்னிக்கு ஒரே அடம், மூஞ்சியே கழுவ உடல" என்றேன்.

ஆபீஸில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. ஐயா, "பாப்பா தூங்குதாம்மா? அப்ப இந்தக் கிரயத்த முடிச்சுக் குடுத்துடு" என்கிறார். பத்திரம் பதிய வந்த கிராமத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது உங்க அப்பாங்களா?" என்றார். அம்சா அதற்கும் சிரித்தாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரித்து வைத்தேன்.

இவருக்கு ஐம்பத்து மூன்று வயசு. மூஞ்சி கோணிப்போனால் வயசு ஏறிவிடுமா?

24 பிப்ரவரி

கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து, "அத்த ஏன் திருப்பறீங்க? உங்க நல்லதுக்குத்தான வச்சிருக்குது" என்று சத்தம் போட்டு, டேப் போட்டு ஒட்டிவிட்டேன். "போ" என்றார்.

29 பிப்ரவரி

நடுவில் நடுவில் கட் ஆகிறது. திரும்பக் கூப்பிட்டால் எடுத்துக்கொள்கிறது, உடனே மறுபடியும் கட். நெட் சரியில்லை.

5 மார்ச், திங்கள்

காலையிலிருந்து கூப்பிட்டும் ஸ்கைப் வரவில்லை. கரண்டு இல்லையோ என்று மாடி வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன், இருக்கிறது என்றார்கள். போய் ஒரு எட்டு பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அந்தம்மாவும் எத்தனை தரம்தான் படி இறங்கும்? கடைசியில் ஐயாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து ஓடி வந்தேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை மாதாவை விடவில்லை.

உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

ஸ்டார்ட்டப் ஃபோல்டர் காலி. நானே திரும்பப் போட்டேன்.

7 மார்ச்

மறுபடி காலி. பூவரசனுக்குப் போன் போட்டால், "வைரஸா இருக்கும்க்கா. இல்ல, கரண்டு ஏறி எறங்குதில்ல, அதுல அழிஞ்சிருக்கும்" என்கிறான். போட்டேன்.

8 மார்ச்

காலி. போட்டேன்.

14 மார்ச், புதன்

முடியல. சத்தியமா முடியல. காலைல எழுந்து சோறாக்கி, இவரைக் குளிப்பாட்டி, துணி மாத்தி, ஹாட்பாக்ஸ்ல போட்டு வச்சி, கம்ப்யூட்டரத் தொறந்து ஸ்டார்ட்டப்ல போட்டு, இருக்குதான்னு ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் கெளம்பறேன். மயிலம் தாண்டறதுக்குள்ள போய்டுது. யார் மேல கோவப்படறதுன்னு தெரியல. கம்ப்யூட்டர அடிக்க முடியுமா?

ஐயா இன்னிக்குச் சொல்லிட்டாரு. "செல்வி, ஏப்ரல் ஒண்ணுலேந்து நெலத்துக்கு கவர்மெண்டு மதிப்பு ஏறப்போவுதுன்னு ஜனம் குவியுது. இந்த மாசம் மட்டும் பாதில ஓடாதம்மா." அவர் சொல்றதுல தப்பு இல்ல. யார் சொல்றதுலயும் தப்பு இல்ல. அதான் எனக்கு ஆத்திரமா வருது.

18 மார்ச், ஞாயிறு

பூவரசன் வந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யாரோ இழுத்துக் குப்பைத்தொட்டில போட்ருக்காங்க. தோ பாருங்க, எத்தினி ஸ்கைப்பு கெடக்குது வரிசையா!"

"யாரு போடுவா? பகல்ல ஊட்ல யாருமில்லையே."

அவன் கட்டிலைப் பார்த்தான். "அண்ணன்?"

"அவருக்கு சீட்டுதாம்பா தெரியும்."

இவர் அப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாடி வீட்டுப் பிள்ளைகள் வேலையாகத்தான் இருக்கும் என்று பட்டது. போய்க் கேட்டேன். அந்தம்மா, "எங்க புள்ளைங்க உங்க ஊட்டு வாசப்படிகூட மிதிக்கறதில்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேண்டும் எனக்கு.

வெனிலா மறுபடியும் போன் செய்தாள். ஸ்கைப் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்று பொய் சொன்னேன், அதுவும் தவக்காலத்தில்.

25 மார்ச், ஞாயிறு

அம்சா இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் வந்தாள். இவர் அவளை இதுவரை பார்த்ததே இல்லை. நான் சமையலறையில் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "செல்விக்கா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் இவர் முகம் மாறிவிட்டிருந்தது. ஆள் உள்ளே வரவில்லை, வெறும் குரல்தான். அதற்கே துண்டை எடுத்து வெற்று மார்பில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? நான் அம்சா. அக்காகூட வேல செய்யறேன்."

திரும்பவே இல்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். எதையோ பேசினோம். அவள் கிளம்பும்போது இவர் மெல்லப் புரண்டு அவளை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, "பா" என்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. "பா... ப்பா." இடது கை கம்ப்யூட்டரைக் காட்டியது.

"பொண்ணைக் கேக்கறாருக்கா, பாவம். அதுல பேசணுமாம். வருவாங்கண்ணே, லீவுக்கு வந்துடுவாங்க" என்று அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஜெசியை இவர் ஒரு நாளும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. பிறந்த அன்றிலிருந்து ஜெசிம்மாதான்.

அம்சா தெரு திரும்பும்வரை வாசலில் நின்றேன். உள்ளே வந்தால், இடது கை இப்போது அவருடைய நெஞ்சின்மேல் இருந்தது. "பாப்பா" என்று இன்னொரு தரம் சொன்னார், என்னைப் பார்த்து.

ஹெட்போன். கழட்டி வச்சா எனக்குத்தான கேக்காது? அதுல மைக்கு இருக்குதே, மேசைமேல, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல! பெரிய ஸ்பீக்கர்ல ஊடு பூரா கேட்டிருக்கும். தூளி ஆட்டணுமா. அடம் புடிக்குது. இது உங்க அப்பாங்களா. எல்லாம். நாள் பூரா. அவரால எழுந்து ஓடவும் முடியாம, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லவும் முடியாம. அம்சா சொன்னதோட போயிருந்தாகூடப் பரவாயில்லை. என் குரல். நான் சிரிச்சது. ஐயோ மாதாவே.

"நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். பூவரசன் அன்றைக்கு எப்படிப் போனானோ அதே வழியாக உள்ளே போய், ஃபோல்டரைத் திறந்து, ஸ்கைப்பை இழுத்துக்கொண்டு வந்து குப்பைத்தொட்டியில் போட்டார். நெரிசலான கடைவீதியில் பஸ்ஸை ஒடித்துத் திருப்புவாரே, அந்த நிதானம். ஒரு இடத்திலும் கை தடுமாறவில்லை.

"நல்லா எடுத்தீங்க" என்றேன். பிறகு அழுதேன். அவர் அந்தக் கெட்ட வார்த்தைகளில் பெரியதைச் சொன்னார். எனக்கா, அம்சாவுக்கா, கம்ப்யூட்டருக்கா தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

26 மார்ச், திங்கள்

அம்சாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் முகம் தொங்கிவிட்டது. "அக்கா, என்னைச் செருப்பாலயே அடிங்க." "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சுக்கலாம் வா, மொதல்ல இந்தப் பத்திரத்த முடி" என்றேன். நாள் முழுக்க யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ஆபீஸ் கோர்ட்டு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து, தானே எடுத்துக்கொள்வதை ஸ்கைப்பிலிருந்து நிறுத்தினேன். கேமரா டேப்பையும் பிய்த்தேன். அவருக்குத் தெரியும்படிதான் எல்லாம் செய்தேன்.

"இனிமே நீங்க எடுத்தாதான் எடுக்கும். ஸ்டார்ட்டப்ல இன்னா இருக்கணும், இன்னா இருக்கக் கூடாதுன்னு நீங்களே வச்சிக்குங்க. நான் தொட மாட்டேன்."

சோறு கலந்து ஊட்டப் போனேன், தட்டை வாங்கி வைத்துக்கொண்டார். பாதி லுங்கியில் சிந்தியது. பார்க்காத மாதிரி ரசத்தை எடுக்கப் போனேன்.

28 மார்ச்

நான் வந்தபோது கரண்டு இல்லை. வந்ததும் கம்ப்யூட்டர் தானே உயிர்த்தது. என்ன திறக்கப்போகிறதோ என்று வாசலிலேயே நின்றேன். சாலிடேர் திறந்தது. சீட்டைத் தானே திறக்கும்படி வைத்திருக்கிறார் மனுஷன்! என்னைத் திரும்பியும் பார்க்காமல் ஆட ஆரம்பித்தார்.

30 மார்ச், வெள்ளி

திண்டிவனம் முழுக்க எங்கள் ஆபீஸ் வாசலில்தான் நின்றது. விரல் நுனியெல்லாம் எரிகிறது. ஓரத்தில் அந்தச் சின்னப் படம் இல்லாமல் கண் போய்ப் போய் வருகிறது. இந்நேரம் விழுந்திருந்தால்? பாத்ரூம் தரை ஈரமாக இருந்தால்? கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. இனிமேல் அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டேனே, அதனால் கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோதும் பயம்தான், பார்க்காதபோதும் பயம்தான், ஆனால் இந்தப் பயம் ஆளைத் தின்கிறது. எது சரி என்று யாராவது சொன்னால் தேவலை.

8 ஏப்ரல், ஈஸ்டர்

வெனிலா காலையிலேயே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கையில் கேக்கு, முகத்தில் முடிவு. ஸ்கைப் ஓடவில்லை என்று ஜெசி வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறாள்.

"பொய் சொல்லிட்டீங்களே அண்ணி" என்றாள். பிறகு என்னிடம் பேசாமல் பையை எடுத்து இவர் லுங்கியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பேன்? நேற்று இரண்டாவது தடவை தடுமாறியிருக்கிறார், முட்டியில் சிராய்ப்பு. அவளுடைய வீட்டில் ஆள் இருக்கிறது, தரை வழுக்காது, நேரத்துக்குச் சோறு. போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஒரு வாரம் தூங்கலாம் என்று நினைத்தேன்.

இவர் கட்டிலில் நகர்ந்து வந்து பையிலிருந்து லுங்கியை எடுத்து வெளியே போட்டார். அவள் மறுபடி வைத்தாள். இவர் எடுத்தார். துண்டை வைத்தாள், எடுத்தார். மாத்திரை டப்பாவை வைத்தாள், அதையும் எடுத்தார்.

"இன்னா அண்ணி இது?"

"அவருக்கு வேணாம்னா எடுத்துப் போட்டுடுவாரும்மா. நான் எத்தினி தரம் போட்டேன், ஒண்ணும் நடக்கல."

"அண்ணா, மறுபடியும் உழுந்தா?"

"போ" என்றார். கோபமாக இல்லை. தங்கச்சியை ஊருக்கு வழியனுப்புகிற மாதிரிதான் சொன்னார். வெனிலா காலிப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பிறகு கேக்கை வெட்டினாள். "இன்னொரு தரம் உழுந்துட்டன்னு சேதி வரட்டும், உன்னக் கேக்க மாட்டேன், என்ன ஆனாலும் தூக்கிக்கினு போய்டுவேன், ஆமா" என்று அழுதுகொண்டே ஊட்டப் போனாள். கையில் வாங்கித்தான் தின்றார்.

ஆட்டோவில் வெனிலா மட்டும்தான் திரும்பிப் போனாள்.

12 ஏப்ரல்

பூவரசன் தெரிந்த கொத்தனாரை அனுப்பினான். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி. எங்கே வைக்க வேண்டும் என்று கொத்தனார் என்னைக் கேட்டார். "அவரைக் கேளுங்க" என்றேன். இவர் சுவரில் இடது கையை வைத்துக் காட்டினார். நான் நினைத்த இடத்துக்கு ஒரு சாண் கீழே.

19 ஏப்ரல், வியாழன்

தொட மாட்டேன் என்றுதான் சொன்னேன், பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் குளிக்கும்போது ஸ்டார்ட்டப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு இருக்கிறது. ஒன்று சீட்டு. அதன் கீழே ஸ்கைப். அவரே போட்டிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தேன், தானே எடுத்துக்கொள்வது அணைத்தபடிதான் இருக்கிறது.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீஸிலிருந்து கூப்பிடவும் இல்லை. அம்சா ஓரக்கண்ணால் என் திரையைப் பார்த்துவிட்டு, "கூப்புடுங்களேன்க்கா" என்றாள். வேண்டாம் என்றேன். பச்சையாக ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது, அவர் பேருக்குப் பக்கத்தில். லூர்துநாதன். கரண்டு போகும்வரை எரிந்தது.

21 ஏப்ரல்

புள்ளி எரிகிறது. வெயில் தாங்கவில்லை.

24 ஏப்ரல், செவ்வாய்

மயிலம் பக்கத்துக் கரும்புக் கொல்லை ஒன்றுக்குப் பாகப்பிரிவினை தட்டிக்கொண்டிருந்தேன். நான்கு எல்லையில் மூன்றாவது எல்லைக்கு வரும்போது கம்ப்யூட்டர் மணி அடித்தது. முதலில் என்ன என்றே புரியவில்லை. அது அடித்து நான் கேட்டதே இல்லை, எப்போதும் நான்தானே கூப்பிடுவேன். திரையில் அவர் பேர்.

விழுந்துவிட்டார், யாரோ வந்து கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டேன்.

கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டிருந்தார். வெள்ளை அரைக்கை, பூசைக்குப் போடுவது. பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியதில் காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. தலை வாரியிருந்தார். அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"அம்மா, கேஸு சிலிண்டரு வந்துக்குது. புக்கு எங்கம்மா வச்சிருக்கீங்க? நாளிக்கி வர்றேன்னு சொன்னேன், சாரு உடல. இரு இருன்னு கைய காட்டிட்டு உள்ள போயி சட்டை போட்டுக்கினு வந்து உங்களைக் கூப்புட்டாரு."

"அரிசி டப்பா மேல. மூடிமேல" என்றேன். மைக்கு தலைக்கு மேலே நின்றது, வாய்க்கு இழுத்துக்கொண்டேன். மறுபடி சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆளைப் பார்த்து, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார், நீ நில், நான் எடுத்து வருகிறேன் என்கிற மாதிரி. மேசையைப் பிடித்து எழுந்தார். திரையில் காலியான நாற்காலியும் கேஸ்காரன் வயிறும்தான் தெரிந்தது. கோலை ஊன்றும் சத்தம் போய், டப்பா மூடி நகர்ந்து, சத்தம் திரும்பி வந்தது. புக்கை அவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

சாப்பிட்டீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கட் பண்ணிவிட்டார். வேலை முடிந்தது அல்லவா.

சுப்பராயலு ஐயா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "யாரும்மா, குவைத்து பொண்ணா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு. கேஸு வந்திருக்குதாம்."